எல்லாமே வெளியில் வாங்கிய சேவை என்றால், எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெல்டா பக்கம் நெல் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வாடகைக்கு எடுக்க ஒரு செயலி செய்கிறீர்கள். மூன்று நண்பர்கள், சொந்தப் பணம். லாகினும் டேட்டாபேஸும் கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில், ஓடிபி அனுப்ப ஓர் எஸ்எம்எஸ் நிறுவனம், பணம் வாங்க ஒரு பேமென்ட் கேட்வே, வரைபடத்துக்கு கூகுள் மேப்ஸ், தகவல் அனுப்ப வாட்ஸ்அப். "இதில் எங்களுடையது என்று என்ன இருக்கிறது? ஒன்று நின்றாலும் எல்லாம் நின்றுவிடுமே. நாங்களே எழுதிக்கொள்வதுதான் நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூத்தவர் ஒருவர் அப்படித்தான் செய்யச் சொன்னதாகவும் சொல்கிறீர்கள்.

'ஆபத்தா' என்று மட்டும் கேட்டால் ஆபத்துதான், ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: எந்தச் சேவை போனால் இரண்டு நாள் தடுமாறிவிட்டு மீண்டுவிடலாம், எது போனால் கடையையே மூட வேண்டிவரும், அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். பேமென்ட், எஸ்எம்எஸ் தொடர்பான பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலையில்தான் என் காலம் பெரும்பாலும் போயிருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். ஒப்பந்தச் சட்டம் என் துறை இல்லை.

"நாங்களே எழுதிக்கொள்கிறோம்" என்ற வழியை முதலில் பார்த்துவிடலாம். ஓடிபி உருவாக்கிச் சரிபார்க்கும் நிரலை (கோட்) ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஆறு இலக்கம் விவசாயியின் போனுக்குப் போய்ச் சேர ஏர்டெல்லோ ஜியோவோ பிஎஸ்என்எல்லோ மனது வைக்க வேண்டும், அவர்களை எட்ட ஓர் எஸ்எம்எஸ் நிறுவனம் வேண்டும். யூபிஐயை நீங்கள் எழுத முடியாது. தஞ்சாவூர் மாவட்டத்தின் வரைபடத்தையும் மூன்று பேர் சேர்ந்து வரைந்துவிட முடியாது. உங்கள் ஐந்து சேவைகளில் நீங்களே செய்துகொள்ளக்கூடியது என்றால் லாகினும் டேட்டாபேஸும்தான். அதைச் செய்தாலும் சர்வர் வாடகைக்கு எடுத்ததாகத்தான் இருக்கும். ஆகவே மூத்தவர் சொன்னது பாதி வழிக்கு மேல் செல்லாத யோசனை. சார்ந்திருப்பதைத் தவிர்க்க முடியாது, எப்படிச் சார்ந்திருப்பது என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

இனி, எல்லாரும் முதலில் பயப்படும் விஷயம்: சேவை திடீரென்று நின்றுபோவது. என் கருத்தில் இந்தப் பயம் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற ஃபைல் சேமிப்புச் சேவை வர்ஜீனியாவில் சில மணி நேரம் நின்றது. பராமரிப்பு வேலையில் ஒருவர் ஒரு கட்டளையைத் தவறாக உள்ளிட்டதுதான் காரணம். அமேசானின் நிலவரப் பக்கமே எஸ்3ஐ நம்பி இருந்ததால், "பிரச்சினை இருக்கிறது" என்று அதில் காட்டக்கூட அவர்களால் முடியவில்லை. 2021 ஜூன் 8 அன்று, வலைத்தளங்களை வேகமாகக் கொண்டுசேர்க்கும் ஃபாஸ்ட்லி நின்றது, 49 நிமிடத்தில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போயின. 2025 அக்டோபர் 20 அன்று மறுபடி அமேசானின் வர்ஜீனியா மையம், இந்த முறை டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் பதிவில் (பெயரை வைத்துச் சர்வர் முகவரியைக் காட்டுவது) சிக்கல்; ஸ்நாப்சாட், சிக்னல் எல்லாம் தவித்தன. எல்லாமே தலைப்புச் செய்திகள். எல்லாமே அன்றைக்கோ மறுநாளோ சரியாகியும் விட்டன. இத்தகைய நாளில் உங்கள் வாடிக்கையாளரின் மற்ற ஆப்களும் படுத்திருக்கும், உங்களை மட்டும் யாரும் திட்டப்போவதில்லை.

கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். 99.9 சதவீதம் என்று ஒரு சேவை உறுதி சொன்னால் ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம் அது நிற்கலாம் என்று பொருள். அப்படிப்பட்ட ஐந்து சேவைகளும் சேர்ந்து இயங்கினால்தான் ஒரு புக்கிங் முடியும், ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 44 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உறுதி மீறப்பட்டால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த மாத பில்லில் ஒரு கழிவு. நீங்கள் இழந்த வியாபாரத்துக்கு ஈடு கிடைக்காது. அந்த 44 மணி நேரம் சம்பா அறுவடை உச்சத்தில் வருமா, ஆடி மாதம் ஆளில்லாத நேரத்தில் வருமா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. மேப் வராவிட்டால் ஊர்ப் பெயரும் போன் நம்பரும் போதும், இயந்திரக்காரர் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். பேமென்ட் ஓடாவிட்டால் வயலில் கையில் வாங்கிக்கொள்ளலாம். இதைச் செயலியிலேயே ஒரு வழியாக வைத்துவிடுங்கள்: வரைபடம் லோட் ஆகவில்லை என்றால் வெள்ளைத் திரையைக் காட்டாமல் ஊர்ப் பெயர் எழுதும் பெட்டியைக் காட்டுங்கள். அரை நாள் வேலைதான்.

நின்றுபோன சேவையைவிட மெதுவாகிப்போன சேவை பல மடங்கு மோசம். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உங்கள் சர்வரில் ஒரே நேரத்தில் 20 கோரிக்கைகளைக் கவனிக்கும் 20 வொர்க்கர்கள் இருப்பதாக வையுங்கள். ஓடிபி அனுப்பும் ஏபிஐ (உங்கள் சர்வர் அடுத்தவர் சேவையை அழைக்கும் வழி) வழக்கமாக 200 மில்லிசெகண்டில் பதில் சொல்லும். ஒரு நாள் அது 30 செகண்ட் எடுக்கிறது. எரர் வரவில்லை, பதில் தாமதம், அவ்வளவுதான். ஓடிபி கேட்டு வரும் ஒவ்வொருவருக்காகவும் ஒரு வொர்க்கர் 30 செகண்ட் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இருபது பேர் ஓடிபி கேட்டதும் இருபது வொர்க்கரும் மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே லாகின் செய்து, இயந்திரங்களின் பட்டியலை மட்டும் பார்க்க வந்தவருக்கும் பக்கம் திறக்காது. ஓடிபி வரவில்லையே என்று ஒவ்வொருவரும் மறுபடி மறுபடி பட்டனைத் தட்டுவார்கள், வரிசை இன்னும் நீளும். எஸ்எம்எஸ் மெதுவானதற்கு உங்கள் மொத்தத் தளமும் படுத்துவிடும். இப்படி வெளியே அழைக்கப் பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு, நீங்களாகச் சொல்லாவிட்டால் டைம்அவுட்டே (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற வரம்பு) கிடையாது. ஜாவாஸ்கிரிப்டின் ஆக்ஸியோஸிலும் அதே கதை. இன்றைக்கே உங்கள் கோடில் வெளியே போகும் ஒவ்வொரு அழைப்பையும் தேடி எடுத்து, டைம்அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு மூன்று, நான்கு செகண்ட் தாராளம். முடிந்தால் அந்த வேலையைத் பின்னணியில் ஓடும் தனி வரிசைக்கு (க்யூ) தள்ளிவிடுங்கள்.

டைம்அவுட் வைத்தால் ரீட்ரை (மறுமுயற்சி) பற்றியும் யோசிக்க வேண்டும். எஸ்எம்எஸ் இரண்டு முறை போனால் சில பைசா நஷ்டம். பணம் இரண்டு முறை போனால் சண்டை. பேமென்ட் ஏபிஐ பதில் சொல்லாமல் டைம்அவுட் ஆனால் 'தோல்வி' என்று குறித்துவிடாதீர்கள். அது 'தெரியவில்லை' என்ற மூன்றாவது நிலை, டேட்டாபேஸில் அதற்கென்று தனி இடம் வேண்டும். ஆர்டர் எண்ணை வைத்து கேட்வேயிடம் நிலவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கப்புறம்தான் அடுத்த முயற்சி. பணம் வந்ததா என்று கேட்வே தானாக உங்கள் சர்வருக்கு அனுப்பும் தகவல் (வெப்ஹுக்) இரண்டு முறை வரும், வரிசை மாறி வரும், சில நேரம் வராமலே போகும். மூன்றுக்கும் தயாராக எழுதுங்கள். இதெல்லாம் உறுதியாகத் தெரிந்த விஷயங்கள், இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

சரி, நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். சேவை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைப் பயன்படுத்தும் அனுமதி ஒரே நாளில் போய்விடுவது. நம் நாட்டில் இதற்கு உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

2020 மார்ச் 5 அன்று மாலை யெஸ் வங்கி மீது தடை வந்தது. கணக்கு வைத்திருப்பவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். அன்றிரவே ஃபோன்பே நின்றுபோனது. யூபிஐ விதிப்படி ஃபோன்பே போன்ற செயலி நேரடியாக அந்த வலைப்பின்னலில் சேர முடியாது, ஒரு வங்கி வழியாகத்தான் நுழைய வேண்டும். ஃபோன்பேக்கு அந்த நாளில் இருந்த ஒரே வங்கி யெஸ் வங்கி. பழைய ஃபோன்பே ஐடிகளின் கடைசியில் '@வொய்பிஎல்' என்று இருந்ததைப் பார்த்திருப்பீர்கள், அது அந்த வங்கியின் பெயர்ச் சுருக்கம்தான். அவர்களின் கோடில் ஒரு பிழையும் இல்லை, சர்வர்கள் எல்லாம் எழுந்து நின்றன, ஆனால் பணம் நகரவில்லை. ஏறக்குறைய ஒரு நாளில் ஐசிஐசிஐ வங்கிக்கு மாறி மீண்டார்கள். இது ஃபோன்பேயின் திறமைக்குச் சான்று என்று பலர் சொல்வார்கள். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டின் யூபிஐ பரிவர்த்தனைகளில் பெரும்பங்கு அவர்களிடம் இருந்ததால் எல்லாரும் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒருவர் உட்காரமாட்டார். நமக்கு டிக்கெட் எண்தான் வரும்.

அடுத்தது 2021 மார்ச் 8. வணிக எஸ்எம்எஸ் எல்லாம் முன்கூட்டிப் பதிவு செய்த டெம்ப்ளேட்டோடு (மாதிரி வாசகம்) பொருந்தினால்தான் போக வேண்டும் என்ற, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதியை டெலிகாம் நிறுவனங்கள் அன்று முழுமையாக நடைமுறைப்படுத்தின. வங்கி ஓடிபி, ஆன்லைன் பேமென்ட், டிக்கெட் புக்கிங் என்று நாடு முழுக்க எஸ்எம்எஸ்கள் தடுக்கப்பட்டன. மறுநாளே டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைத்தது. விதி 2018லேயே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. பெரிய வங்கிகளே டெம்ப்ளேட்டைச் சரியாகப் பதிவு செய்யாமல் இருந்திருக்கின்றன. அதற்கும் முன்னால், 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் தீர்ப்பில் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பகுதியை நீக்கியது. ஆதார் இகேஒய்சியை (ஆதார் வழியாக ஆளை அடையாளம் சரிபார்ப்பது) நம்பிக் கடன் செயலி கட்டியிருந்தவர்கள் மறுபடி ஆள் அனுப்பிக் காகிதம் வாங்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி புதுக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, வெளிநாட்டுச் சேவைகளுக்கான மாதச் சந்தா பல கார்டுகளில் போகவில்லை. ஒரு சேவை நிற்க அது கெட்டுப்போக வேண்டும் என்பதில்லை. அதற்குரிய பில்லை நீங்கள் கட்ட முடியாமல் போனாலும் நிற்கும்.

இவற்றில் எந்த ஒன்றையும் நல்ல கோட் எழுதித் தடுத்திருக்க முடியாது. ஆனால் யார் சீக்கிரம் எழுந்தார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை எஸ்எம்எஸ்ஸை வைத்தே காட்டுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இது நேராகப் பொருந்தும். வணிக எஸ்எம்எஸ் அனுப்ப டெலிகாம் நிறுவனங்களிடம் செய்யும் பதிவில் (டிஎல்டி) மூன்று விஷயங்கள் உண்டு: உங்கள் நிறுவனத்துக்கான பதிவு எண், செய்தி யார் பெயரில் வருகிறது என்று காட்டும் ஹெடர், செய்தியின் டெம்ப்ளேட். பல எஸ்எம்எஸ் நிறுவனங்கள், "உங்களுக்கு ஏன் சிரமம், எங்கள் ஹெடரிலேயே அனுப்பிக்கொள்ளுங்கள், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்" என்பார்கள். உங்கள் மூவரில் யாரோ ஒருவர் அதற்குச் சரி சொல்லியிருப்பார் என்று என் சந்தேகம். அப்படியென்றால் மூன்றில் ஒன்றும் உங்களுடையது இல்லை. அந்த நிறுவனம் விலையை ஏற்றினாலோ மூடினாலோ ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். ஒப்புதல் வர நாட்கள் ஆகும். அதுவரை புதிதாக ஒருவரும் லாகின் செய்ய முடியாது. உங்கள் நிறுவனத்தின் பெயரில் நீங்களே பதிவு செய்துகொண்டால் எஸ்எம்எஸ் நிறுவனம் என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு குழாய் மட்டுமே. இரண்டாவது நிறுவனத்தையும் அதே பதிவோடு இணைத்து வைத்துக்கொண்டு, முதலாவது படுத்த அன்றே மாறிவிடலாம். கோட் அதே கோட்தான், செலவும் பெரிதில்லை, பெயர் யாருடையது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு சேவைக்கும் நான் போட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக் காலை இவர்கள் கதவைச் சாத்திவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? வாடிக்கையாளரின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறதா, புக்கிங் வரலாறு இருக்கிறதா, டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது, கணக்கின் ஓடிபி யார் போனுக்கு வருகிறது. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பேமென்ட் கேட்வே ஆவணச் சரிபார்ப்புக்காகக் கணக்கை நிறுத்திவைத்தது. ஆவணங்கள் எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் அத்தனையும் முன்பே வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. கேட்வேயிலிருந்து வங்கிக் கணக்குக்கு வர வேண்டிய பணம் வராததைக் கணக்குப் பிரிவு கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. மூன்று நண்பர்கள் தொடங்கும் நிறுவனத்தில் ஒருவரின் சொந்த ஜிமெயிலில்தான் எல்லாக் கணக்கும் இருக்கும். அதை முதலில் மாற்றுங்கள்.

விலை மாறுவதும் உரிமையாளர் மாறுவதும் அடுத்த ரகம். 2018 வரை கூகுள் மேப்ஸ் வரைபடத்தை ஒரு நாளைக்கு 25,000 முறை இலவசமாகக் காட்டலாம். அந்த ஆண்டு நடுவில் விலைமுறையை மாற்றி மாதம் 200 டாலர் கழிவு என்றார்கள். ஆயிரம் முறை காட்ட 7 டாலர் என்பதால், இலவசம் மாதத்துக்கு ஏறக்குறைய 28,000 ஆகச் சுருங்கியது. நாள் கணக்கு மாதக் கணக்கானது. எத்தனையோ சிறிய தளங்கள் அப்போதுதான் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் பக்கம் திரும்பின. விலை எப்போதும் ஏறவே செய்யும் என்றும் இல்லை: 2024 ஜூலையில் ஓலா தன் சொந்த வரைபடத்துக்கு மாறிய சில வாரங்களிலேயே கூகுள் இந்தியாவுக்கான விலையைப் பெரிதாகக் குறைத்தது. போட்டி இருந்தால் விலை இறங்கும், அதற்கு நீங்கள் ஓலாவாக இருக்க வேண்டியதில்லை. ரெடிட் என்ற விவாதத் தளத்தின் விவகாரம் இன்னும் கொடுமை. 2023இல் ஏபிஐக்கு விலை வைத்தார்கள், 5 கோடி கோரிக்கைக்கு 12,000 டாலர். ரெடிட்டைப் படிக்க உதவும் அப்போலோ என்ற செயலியை நடத்திவந்த கிறிஸ்டியன் செலிக் கணக்குப் போட்டபோது ஆண்டுக்கு 2 கோடி டாலர் வந்தது. அந்த ஜூன் 30ஆம் தேதியோடு கடையை மூடினார். அப்போலோவின் முழுச் சரக்கும் ரெடிட்டின் பதிவுகள்தான் என்பதைக் கவனியுங்கள். இயந்திரக்காரர்கள் உங்களை நம்பி வருகிறார்கள் என்றால் உங்கள் நிலை அதைவிட ரொம்பவே நல்லது.

ஃபயர்பேஸ் போன்ற சேவைக்கு நெருங்கிய முன்னுதாரணம் பார்ஸ். ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது, 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது, சரியாக ஓராண்டு அவகாசம் தந்தது, சர்வரின் நிரலையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தமூலமாக வெளியிட்டது. இப்படி மரியாதையாக மூடியவர்கள் குறைவு. அப்படியிருந்தும் அவதிப்பட்டவர்கள் நிறைய, காரணம் நீங்களும் செய்துகொண்டிருக்கும் ஒன்றுதான்: போனில் இருக்கும் செயலி நேராகச் சேவையின் முகவரியோடு பேசியது. நீங்கள் டேட்டாவைப் புது இடத்துக்கு மாற்றிவிடலாம். செயலியை அப்டேட் செய்யாத விவசாயியின் போன் பழைய முகவரியைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். நடுவில் உங்கள் சொந்த டொமைனில் ஒரு சின்ன சர்வர் இருந்து, எல்லாப் பேச்சும் அதன் வழியாகப் போனால், பின்னால் எதை மாற்றினாலும் போனுக்குத் தெரியாது. ஃபயர்பேஸின் வேகமே நேராகப் பேசுவதில்தான் இருக்கிறது, அதனால் இதில் இழப்பும் உண்டு. புக்கிங், பணம் இரண்டையும் மட்டுமாவது உங்கள் சர்வர் வழியாக விடுங்கள், மற்றவை இப்படியே இருக்கட்டும் என்பேன். இன்னொன்று, ஃபயர்பேஸின் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரின் முழு எக்ஸ்போர்ட் வசதி இலவசத் திட்டத்தில் கிடையாது, பணம் கட்டும் பிளேஸ் திட்டம் வேண்டும். வாராவாரம் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அதைத் திறந்து ஒரு புக்கிங்கையாவது படிக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திறந்தே பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

வரைபடத்தில் இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. கூகுளிடம் முகவரி கொடுத்து வாங்கிய அட்சரேகை தீர்க்கரேகையை 30 நாளுக்கு மேல் சேமித்துவைக்க அவர்கள் விதிமுறை இடம் தராது. ஆக, வயல்களின் இருப்பிடத்தை எல்லாம் அப்படி வாங்கிச் சேமித்து, பின்னால் வேறு வரைபடத்துக்குப் போகலாம் என்று திட்டமிட்டால், அந்தச் சொத்து உங்களுடையதே இல்லை. விவசாயியின் ஒப்புதலோடு அவர் போனின் ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்த இடம் வேறு விஷயம், அது அவர் உங்களுக்குக் கொடுத்தது. வயல்களுக்கு ஏது கதவு எண்? உங்கள் தொழிலில் இரண்டாவது வழிதான் எப்படியும் துல்லியம்.

சேவை வேறு, அந்தச் சேவையின் எஸ்டிகே (செயலிக்குள் சேர்த்துக்கொள்ள அவர்கள் தரும் நிரல்) வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மே 6 அன்று ஐபோன்களில் ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட், டிண்டர் போன்ற செயலிகள் திறந்தவுடனே மூடிக்கொண்டன. அவற்றுக்குள் இருந்த ஃபேஸ்புக் எஸ்டிகே, தன் சர்வரிலிருந்து எதிர்பாராத வடிவத்தில் ஒரு பதில் வந்ததும் நிலைகுலைந்தது. ஃபேஸ்புக் வழியாக லாகினே செய்யாதவருக்கும் ஆப் திறக்கவில்லை. ஜூலையில் மறுபடி அதே கதை. உங்கள் சர்வரிலிருந்து நீங்கள் அழைக்கும் ஏபிஐ கெட்டால் அந்த ஒரு வசதி கெடும். போனுக்குள் உட்கார்ந்திருக்கும் எஸ்டிகே கெட்டால் செயலியே போகும், அதைச் சரிசெய்யப் புது வெர்ஷன் விட்டு, அதை எல்லாரும் இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். "பகுப்பாய்வுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று" என எஸ்டிகேக்களை அடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. வலைத்தளம் வைத்திருந்தால் அடுத்தவர் டொமைனிலிருந்து ஸ்கிரிப்ட் (பக்கத்தோடு சேர்ந்து ஓடும் நிரல்) இழுப்பதும் இதே ரகம்தான்: பாலிஃபில் என்ற பிரபலமான டொமைன் 2024இல் கை மாறி, அதை நம்பியிருந்த தளங்களுக்கு ஜூன் மாதத்தில் தீங்கான ஸ்கிரிப்டை அனுப்பியது. அப்படிப்பட்ட ஃபைல்களை நகலெடுத்து உங்கள் சர்வரிலேயே வைத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நடந்து முடிந்த விஷயங்கள், உறுதியாகச் சொல்லலாம். இனி வருவது என் கணிப்பு, வேறு அனுபவம் உள்ளவர்கள் மறுக்கலாம். எல்லாவற்றுக்கும் இரண்டாவது சேவை ஒன்றைத் தயாராக வைத்திரு, அமேசானிலும் கூகுளிலும் ஒரே நேரத்தில் ஓடு என்று சொல்வார்கள். மூன்று பேர் உள்ள குழுவுக்கு அது வீண் என்று நினைக்கிறேன். இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவான வசதிகளை மட்டுமே பயன்படுத்த முடியும்; இரண்டையும் சோதிக்க வேண்டும்; சோதிக்காத இரண்டாவது வழி தேவைப்படும் அன்று வேலை செய்யாது. எஸ்எம்எஸ்ஸுக்கும் பேமென்ட்டுக்கும் மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், பேமென்ட்டில் இரண்டாவது கேட்வேயின் ஆவண வேலையை இப்போதே முடித்து, மாதம் சில பரிவர்த்தனைகளை அதன் வழியாக அனுப்பிவாருங்கள். அதேபோல், சேவைக்கும் உங்கள் கோடுக்கும் நடுவே எல்லா இடத்திலும், எந்தச் சேவையானாலும் ஒரே மாதிரி அழைக்க ஒரு பொது இடைமுகம் எழுத வேண்டுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஓடிபிக்கு அது அழகாகப் பொருந்தும், 'இந்த நம்பருக்கு இந்தச் செய்தி' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. டேட்டாபேஸுக்கு எழுதினால் பெரும்பாலும் பழைய டேட்டாபேஸின் குணமே அந்த இடைமுகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, மாற்றும்போது எப்படியும் உடைக்க வேண்டிவருகிறது. ஏஐ சேவைகள் பற்றிப் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அங்கே ஏபிஐயின் வடிவம் அப்படியே இருக்க, மாடல் மாறி, நேற்று சரியாகப் பிரித்துக்கொடுத்த தமிழ் வாக்கியத்தை இன்று வேறு மாதிரி பிரிக்கலாம். பழைய மாடல்களை ஓய்வுபெறச் செய்வதும் அங்கே சகஜம். இருபது முப்பது மாதிரிக் கேள்விகளை வைத்துக்கொண்டு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர இப்போதைக்கு எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

கடைசியாக, செயலியே வேண்டாம், வாட்ஸ்அப்பிலேயே புக்கிங் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆரம்பிக்க அதுதான் சுலபம், உங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் நீங்களாக முதலில் அனுப்பும் செய்திக்கு வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவின் ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் வேண்டும். கட்டண முறையை 2025 ஜூலையில் செய்திக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். பொதுவான ஏஐ சாட்பாட்களை 2026 ஜனவரியிலிருந்து அனுமதிப்பதில்லை என்று விதியையும் மாற்றினார்கள். மாறிக்கொண்டே இருக்கும் இடம் அது. எடுங்கள், ஆனால் ஒவ்வொரு புக்கிங்கும் வந்த நிமிடமே பெயர், போன் நம்பர், ஊர், தேதி, எத்தனை மா நிலம் என்று உங்கள் டேட்டாபேஸில் ஒரு வரியாக விழட்டும். புக்கிங்குக்கான வாட்ஸ்அப் நம்பரையும் கம்பெனியின் தொடர்பு நம்பரையும் ஒன்றாக வைக்காதீர்கள். அந்த நம்பர் ஒரு நாள் முடக்கப்பட்டால் சாதாரண போன் அழைப்பு வரவாவது ஒரு நம்பர் மிஞ்ச வேண்டும், இயந்திரத்தின் பக்கவாட்டில் பெயின்ட்டால் எழுதிவைப்பது அந்த இரண்டாவது நம்பராக இருக்கட்டும்.